அண்ணர் போகாத கப்பல்

அக்கா,

இன்று காலை, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ பெர்தொனேக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடை வாசலில், வாழைப்பழப் பெட்டிக்குப் பக்கத்தில், பச்சை நிறக் கேக் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடித் தாளில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். குனிந்தபோது வாசம் அடித்தது. சோற்றுக்குப் போடுகிற ரம்பை இலையைக் கொண்டுபோய்ச் சீனிக்குள் போட்டதுபோல ஒரு வாசம். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "புதுசா வந்திருக்கு அக்கா. சிங்கப்பூர்க் கேக்."

கண் கலங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய் ஆறு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் இந்தத் தெருவில் யாராவது சிங்கப்பூர் என்று வாய் திறந்தால், அடுத்த அரை மணித்தியாலம் வீணாகப் போகப்போகிறது என்று என் உடம்பு தானாகவே ஆயத்தமாகிவிடுகிறது. கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். உயிரோடு இருந்த காலத்தில் என்னை ஒரு வசனம் முழுதாகப் பேச விட்டீர்களா? இப்போதாவது பேசி முடிக்கிறேன்.

தையல் கடையின் அந்தப் பின்னறையில் பத்தொன்பது வருடம் நாங்கள் எதிர் எதிராக இருந்தோம். யன்னல் இல்லாத அறை. உங்கள் மிசின், என் மிசின், நடுவில் துணி மலை. நீங்கள் சேலைகளுக்கு ஓரம் அடிப்பீர்கள். நான் சட்டை தைப்பேன். அதோடு விட்டதா? பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் நாங்கள் இருந்ததும் ஒரே கட்டடம். மூன்றாம் மாடியில் நான், ஆறாம் மாடியில் நீங்கள். காலையில் ஒரே ரயில், மாலையில் ஒரே ரயில். உங்களிடமிருந்து எனக்கு விடுமுறை என்று ஒன்று கிடைத்ததே இல்லை.

ரயில் நடுவழியில் நின்றால், "சிங்கப்பூரிலை எண்டால் இப்பிடி நிக்குமோ?" ப்ரெஃபெக்சூர்க் கந்தோரில் விசாப் புதுப்பிக்க விடியக் காலமை வரிசையில் நின்றால், "சிங்கப்பூரிலை எண்டால் இந்த வரிசை இருக்குமோ?" லா ஷாப்பெல் மேம்பாலத்துக்குக் கீழே யாரோ துப்பியதை மிதித்துவிட்டால் போதும், அன்றைக்குக் கடை திறக்கும்வரை நான் மூச்சு விட முடியாது. எங்களுக்கு அகதி அட்டை தந்து, இருக்க இடமும் தந்த நாடு இது. இதைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அக்கா, நீங்கள் அங்கை கடைசியா எப்ப இருந்தனீங்கள்?"

"எட்டு வயசு மட்டும்."

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சபடியாலைதான் சொல்லுறன்," என்றீர்கள்.

உங்கள் அப்பாவின் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரனின் துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து மனிதர். சிங்கப்பூரில்தான் நீங்களும் உங்கள் அண்ணரும் பிறந்தீர்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், "இனி எங்கடை நாடு எங்கடை" என்று சொல்லிக் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றினார். அண்ணருக்குப் பதினாறு வயது. கப்பல் புறப்படும் கடைசி நேரத்தில் அவர் படியால் இறங்கி ஓடிவிட்டார். நீங்கள் மேல்தட்டில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்களாம். அடுத்த வருடமே சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. இங்கிலீசும் மலாயும் பேசத் தெரிந்த உங்கள் அப்பா, சொந்த நாட்டு அரசாங்கக் கச்சேரியில் கடிதம் வாசிக்கத் தெரியாத மனிதரானார். பிறகு கலவரங்கள். எண்பத்து மூன்றில் கொழும்பில் உங்கள் வீடு எரிந்தது. நீங்கள் இங்கே வந்து சேர்ந்தீர்கள்.

"அண்ணைக்கு மூளை இருந்தது. இறங்கி ஓடினவர்," என்று முடிப்பீர்கள். "அப்பா மோட்டு மனுசன். ஏத்தக்கூடாத கப்பலிலை எங்களை ஏத்தினவர்."

ஒவ்வொரு தடவையும் இதே முடிவு. ஒரு சொல் மாறாது.

பிறகு போர் முடிந்த அந்த 2009 வைகாசி வந்தது. கடை திறந்திருந்தது, ஆனால் ஒருவரும் துணி வெட்டவில்லை. தெரு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு கையிலும் தொலைபேசி. என் தம்பியும் அவன் மனைவியும் வன்னிக்குள் இருந்தார்கள். மாசி மாதம் பேசியதுதான் கடைசி. நான் மிசினுக்கு முன்னால் சும்மா இருந்தேன். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. முன்கடைத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"பார் பிள்ளை, ஒரே வெள்ளைக்காரன் ஆண்ட ரெண்டு தீவு. எங்கடை தீவிலை எல்லாம் இருந்தது. அவங்களுக்குக் குடிக்கத் தண்ணிகூட இல்லை. இண்டைக்கு அவங்கள் எங்கை, நாங்கள் எங்கை? அங்கை தமிழும் ஒரு அரச மொழி..."

அக்கா, நீங்கள் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் அந்த நாளில் அதைச் சொல்லலாமா? நான் எழும்பிக் கத்தினேன்: "என்ரை தம்பி உயிரோடை இருக்கிறானோ இல்லையோ தெரியாது. உங்கடை சிங்கப்பூரைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ!"

அதற்குப் பிறகு நாலு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரே அறையில் இரண்டு மிசின்கள் மட்டும் பேசிக்கொண்டன. ஒரே ரயிலில் நீங்கள் ஒரு முனை, நான் ஒரு முனை. லிப்டில் நீங்கள் நின்றால் நான் படியேறினேன். நல்ல வேளையாக அந்த லிப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, அதனால் இருவருமே படியேறினோம். அதுவும் பேசாமல்.

புரட்டாசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற ஓர் அலுவலகத்திலிருந்து. தங்கள் சகோதரரைப் பற்றித் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் என்று தொடங்கியது. தம்பி ஒரு முகாமில் இருக்கிறான், மனைவியும் இருக்கிறாள் என்று எழுதியிருந்தது. அழுது முடித்த பிறகுதான் யோசித்தேன், நான் எந்த விண்ணப்பமும் அனுப்பவில்லையே.

இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற பாண்டிச்சேரி மிசியே இருந்தாரே, அவர்தான் படியில் கண்டு சொன்னார்: "உங்க அக்கா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து என்னை லெத்ர் எழுத வச்சாங்க மதாம். பதில் வராத ஆபீசுக்கெல்லாம் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்."

ஆறாம் மாடிக்கு ஓடினேன். நீங்கள் கதவைத் திறந்து, என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்து, தேதியை வாசித்தீர்கள்.

"மறுமொழி போட இவ்வளவு நாள். சிங்கப்பூரிலை எண்டால் ரெண்டு நாள் வேலை."

உங்களைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தை நெரிப்பதா என்று தெரியாமல் வாசலில் நின்று அழுதேன்.

நாலு வருடம் கழித்து உங்கள் அண்ணர் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். அவருக்கு உடம்பு சரியில்லை, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். உங்களுக்கு முழங்கால் வருத்தம், தனியே போக ஏலாது. "நீ வா," என்றீர்கள். கேள்வியாக அல்ல. என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார், இத்தனை வருடம் கேட்டதை ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று.

அந்தப் பன்னிரண்டு நாளை நான் எப்படி மறப்பேன்? ரயிலில் நாலு மொழியில் அறிவித்தார்கள். நடைமேடையின் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி ஒரு பெண் தமிழில் சொன்னாள். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அடுத்த இடத்திலும் அவள் சொன்னாள். அதற்கடுத்த இடத்திலும். "இன்னொருக்கா கேப்பம்," என்றீர்கள். எனக்குக் கால் வலி, பசி. மீன் குழம்போடு உங்கள் அண்ணர் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பி வந்தோம், ஒரு ரயில் அறிவிப்பைக் கேட்பதற்காக!

ஒழுங்கு, ஒழுங்கு என்று இத்தனை வருடம் எனக்குப் பாடம் எடுத்த நீங்கள் அதே ரயிலில் பையைத் திறந்து பனங்கட்டி சாப்பிட்டீர்கள். சாப்பிடக் கூடாது என்று நான்தான் படத்தைக் காட்டினேன். "அது சின்னப் பிள்ளையளுக்கு," என்றீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

உங்கள் அண்ணரின் வீடு பதினொராம் மாடியில். வலப்பக்கக் கதவில் மலாய்க் குடும்பம், இடப்பக்கக் கதவில் ஒரு சீனத்து அம்மா. காலையில் அந்தச் சீனத்து அம்மாதான் பச்சைக் கேக் கொண்டுவந்து தந்தார். உங்கள் சிங்கப்பூர்க் கேக்கின் வாசத்துக்கு எங்கள் ஊர் ரம்பை என்று நான் பெயர் சொன்னபோது நீங்கள் முறைத்தீர்கள். பேரப்பிள்ளைகள் உங்களைச் சுற்றி வந்து இங்கிலீசில் பேசினார்கள். நீங்கள் தமிழில் கேட்டால் சிரித்துக்கொண்டு இங்கிலீசில் பதில். உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்லும்போது போகுமே, அதே போக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட கை காயும்முன்னே, நீங்கள் வழமையான கதையைத் தொடங்கினீர்கள். அண்ணைக்கு மூளை இருந்தது, இறங்கி ஓடினவர் என்று. அண்ணர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஓடேல்லை."

"என்ரை கண்ணாலை கண்டனான்," என்றீர்கள்.

"நீ கண்டது இறங்கினதை. அப்பாதான் இறக்கினவர். முதல்நாள் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர், எந்த நாடு உருப்படும் எண்டு எனக்குத் தெரியேல்லை, ஒருத்தன் இஞ்சை இருக்கட்டும் எண்டு. அம்மாவுக்குச் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவர். கீழை அப்பாவின்ரை சிநேகிதர் ஒருத்தர் என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் ஒரு வருசம் அழுதனான் தங்கச்சி. நீ அம்மாவோடை போனாய்."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருடம் நீங்கள் சொல்லாத சிங்கப்பூரை அவர் சொன்னார். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் வந்தபோது தெருவில் ஓடியதை. பக்கத்து மலாய் வீட்டில் மூன்று நாள் ஒளிந்திருந்ததை. மலேசியாவிலிருந்து நாடு பிரிந்த நாளில், கோப்பிக் கடையில் இருந்த தொலைக்காட்சியில் பிரதமர் அழுததை. "நாங்கள் சுதந்திரம் எண்டு சந்தோசப்படேல்லை. இனி என்ன செய்யப்போறம் எண்டு பயந்தனாங்கள்." பிரிட்டிஷ் கடற்படைத் தளம் மூடியபோது அவருக்கு வேலை போனதை. வயது வந்த பிறகு திரும்பவும் பள்ளிக்கூடம்போல ஒரு தொழிலைப் படித்ததை. ஓலை வீட்டை இடித்து இந்த மாடிக்கு ஏற்றியபோது மனைவி அழுததை. மகன்கள் இரண்டு வருடம் பட்டாளத்துக்குப் போனதை. ஒரே கட்டடத்தில் ஒரே இனம் கூடிவிடக் கூடாது என்று சட்டம் இருப்பதை.

"அதாலை இந்த வீட்டை வித்துப்போட்டு மகனுக்குக் கிட்டப் போக நினைச்சும் ஏலாமல் கிடந்தனான். வாங்க வந்த வேறை இன ஆக்களுக்கு விக்கச் சட்டம் விடேல்லை. எனக்கும் கோவம் வந்ததுதான். ஆனால் அந்தச் சட்டம் இல்லாட்டில் இந்தச் சீனத்து மனுசி எனக்குப் பக்கத்திலை வந்திருக்காது. நல்லா வந்த நாடு. லேசா வரேல்லை. எல்லாத்தையும் பேசவும் ஏலாது இஞ்சை. நீ ஏதோ வானத்தாலை விழுந்த மாதிரிச் சொல்லிக்கொண்டு திரியிறாய்."

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் யார்! சொந்த நாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அரை மணித்தியாலம் அவரோடு சண்டை பிடித்தீர்கள். வருத்தக்கார மனிதரோடு! நான் வெட்கத்தில் சமையலறைக்குள் போய்க் கோப்பை கழுவினேன். அங்கே நிற்கும்போதுதான் உங்கள் குரல் மாறியது.

"அப்பிடியெண்டால் ஏன் என்னை விடேல்லை?"

"நீ எட்டு வயசுப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை."

"ரெண்டு நாட்டுக்கும் ஒவ்வொரு ஆள் எண்டு பங்கு போட்டவர் எண்டால், என்னை ஒரு ஆளாச் சேர்த்தவரோ? நான் அம்மாவின்ரை பெட்டியோடை போன சாமான்."

அண்ணர் கையை நீட்டி உங்கள் தலையில் வைத்தார். அறுபத்தாறு வயதுத் தலை.

கடைசி நாள் கப்பல் புறப்பட்ட இடத்தைக் காட்டச் சொன்னீர்கள். சக்கர நாற்காலியில் அவர், தடியோடு நீங்கள், இருவரையும் இழுத்துக்கொண்டு நான். போய்ப் பார்த்தால் முன்னால் திறந்த கடல் இல்லை. துறைக்கு அப்பால் மண் நிரப்பிக் கட்டடம் கட்டியிருந்தார்கள். "கடலைக்கூடத் தூர்த்துப்போட்டாங்கள்," என்று அண்ணர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. "அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கேல்லை," என்றீர்கள். மோட்டு மனுசன் என்று அதற்குப் பிறகு நீங்கள் அவரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாரிசுக்குத் திரும்பியதும் எனக்கு விடுதலை என்று நினைத்தேன். பேச்சுக் குறைந்தது உண்மை. ஆனால் செயல் தொடங்கியது. அது பேச்சைவிட மோசம்.

எங்கள் கட்டடத்தில் மாலி, அல்ஜீரியா, போர்த்துக்கல், எங்கள் ஆட்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் படியேறிப் போகிற இடம். லிப்ட் பழுது என்று தனித்தனியே ஆளாளுக்குப் புறுபுறுப்பார்கள். குப்பையைக் கண்டால் அடுத்த மாடியைச் சொல்வார்கள். முழங்கால் வருத்தத்தோடு, லிப்டைத் திருத்தக் கேட்கும் மனுவோடு, நீங்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டினீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டுதான். மாலி அம்மா திறந்தார், உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். அல்ஜீரியக்காரர் திறந்தார், கையெழுத்தும் போட்டார். எங்கள் ஆட்கள்தான் கதவுக் கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் நின்றார்கள். "நிக்கிறது தெரியுது, திறவுங்கோ!" என்று நீங்கள் தடியால் இடித்தது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

லிப்ட், குப்பை பற்றி வாசலில் நாலு மொழியில் அறிவித்தல் ஒட்டினீர்கள். பிரெஞ்சு, அரபு, போர்த்துக்கீசம், தமிழ். மாலி அம்மாவிடம் உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பேச வரும், எழுத வராது என்றார். கட்டடக் கூட்டத்தில் அதை நீங்களே அவரைக்கொண்டு வாயால் சொல்லவைத்தீர்கள். "இதென்ன கரைச்சல், எல்லாருக்கும் பிரெஞ்சு விளங்கும்தானே," என்று நாலாம் மாடித் தமிழர் ஒருவர் சொன்னார். நீங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். "கொழும்பிலையும் இதைத்தான் சொன்னவங்கள் தம்பி. எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே எண்டு."

லிப்ட் திருத்தினார்கள். ஏழு மாதம் ஓடியது. பிறகு திரும்பவும் நின்றது. நீங்கள் திரும்பவும் கதவு தட்டத் தொடங்கினீர்கள். அப்படித்தான் ஓடியது, நின்றது, ஓடியது. உங்களை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் அது நின்றிருந்தது. மாலி அம்மாவின் மகனும் அந்த அல்ஜீரியக்காரரும் உங்களை ஆறு மாடி நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன. எங்கள் ஆட்களின் கதவுகளும்தான். நீங்கள் ஒவ்வொருவரிடமும் லிப்டுக்கு எழுதச் சொல்லிக்கொண்டே போனீர்கள். மூச்சு வாங்கியது, வாய் ஓயவில்லை. அதுதான் கடைசி.

அந்த வேலை இப்போது என் தலையில். எனக்கு வேண்டாம் என்று யாரிடம் சொல்ல? நீங்கள் கேட்டுவிட்டா தந்தீர்கள்? கூட்டம் வைக்கிறேன், கதவு தட்டுகிறேன், ஒருவருக்கும் நன்றி இல்லை. முழங்கால் எனக்கும் வலிக்கிறது.

போன மாதம் ஒன்றாம் மாடிக்கு ஓர் ஆப்கான் குடும்பம் வந்தது. அறிவித்தலில் ஐந்தாவது மொழி சேர்ப்பதா இல்லையா என்று ஒன்றரை மணித்தியாலம் சண்டை. நாலாம் மாடித் தமிழர்தான் சேர்க்க வேண்டும் என்று கடைசிவரை நின்றார். நம்புவீர்களா? என் மகள் தொலைபேசியில் மொழிபெயர்த்து எடுத்துத் தந்த எழுத்துகளை வலமிருந்து இடமாக, கோலம் கீறுவதுபோல, நானே பார்த்துக் கீறி ஒட்டினேன். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லும் அறிவித்தல்.

மறுநாள் காலை பார்த்தால், யாரோ சிவப்புப் பேனையால் மூன்று இடத்தில் வெட்டித் திருத்தி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய் ஒன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். முப்பது வயதிருக்கும். பிரெஞ்சு வரவில்லை. காகிதத்தைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். என் எழுத்தைக் காட்டித் தன் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எவ்வளவு கோபம் என்று விளங்கியது. வந்து மூன்று கிழமை, அதற்குள் இவ்வளவு கோபம். போய்விடப் போகிறவர்களுக்கு வாசலில் ஒட்டியிருக்கிற எழுத்தைப் பார்த்துக் கோபம் வருவதில்லை அக்கா. இருக்கப் போகிறவர்களுக்குத்தான் வரும். அது எனக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. எட்டு வயதில் ஓர் இடத்தையும், முப்பத்தாறு வயதில் இன்னோர் இடத்தையும் விட்டுவந்த நீங்கள், இந்தத் தெருவோடும் இந்த ரயிலோடும் இந்த லிப்டோடும் ஓயாமல் சண்டை பிடித்தது ஏன் என்று.

பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, கதவு நிலையில் வைத்து அழுத்தி, எழுதத் தொடங்கினாள்.